இரண்டாம் முறை கேட்காத நாட்டில் ஒரு தலைமைப் பயிற்றுநர்

டென்மார்க்கில் உங்களை யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். இங்கே வரப்போகிற எங்கள் சனத்துக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். குளிருக்குக் காலில் எந்தச் சப்பாத்துப் போடுவது என்பதெல்லாம் பிறகு. நான் பிராண்டே என்ற இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு பியெத்தெ என்ற பெண்மணி என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள். மேசையில் கிரீமும் ஸ்ட்ரோபெரியும் வைத்த ஒரு கேக். சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். வளர்த்த வளர்ப்புக்கு ஏற்றபடி "நெய் தாக்", வேண்டாம் நன்றி, என்றேன். அவளும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, தனக்கு ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்து என் கண்ணுக்கு முன்னாலேயே ரசித்துச் சாப்பிட்டாள். நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. வீட்டுக்கு வந்து பழைய பாண் ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டபடி, இந்தச் சனத்துக்கு விருந்தோம்பல் என்றால் என்னவென்றே தெரியாது என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போன வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால், இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்போம். தொண்டை வறண்டிருந்தாலும் அப்படித்தான். அவர்கள் அதை நம்ப மாட்டார்கள், நம்பக் கூடாது. இரண்டாம் தரம் கேட்பார்கள், நாங்கள் தயங்குவோம். மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். உங்களுக்காகத்தான் குடிக்கிறேன் என்ற முகத்தோடு முழுவதையும் குடித்துவிடுவோம். மறுப்பது எங்களில் ஒரு மரியாதை. மறுத்தவரை வற்புறுத்துவது அதைவிடப் பெரிய மரியாதை. டேனிஷ்காரருக்கோ ஒருவரை வற்புறுத்துவதுதான் மரியாதைக் கேடு. வேண்டாம் என்று சொன்ன மனிதரை மறுபடி கேட்டால், அவருடைய சொல்லை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். இரண்டு பக்கமும் மரியாதைதான், நடுவில் பசியோடு இருந்தது நான்.

கேக் போனால் போகட்டும். அதே பழக்கத்தால் ஒரு தலைமைப் பயிற்றுநர் பதவியையே கைநழுவ விட்டேன். அதைத் திருப்பி எடுத்த கதையைச் சொல்லத்தான் இந்தப் பீடிகை. சொல்லும்போது கொஞ்சம் பெருமை அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமை அடிக்கப் பழகியதே இந்தக் கதையில்தான்.

என் பெயர் வசந்தி. பிராண்டேயில் இருக்கிறோம். காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீள வாகனங்கள் ஊரைக் கடக்கும்போது மற்ற வாகனங்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிடும் ஊர். கணவர் சிவநேசன் அந்த இறக்கைகள் செய்யும் வேலைக்குத்தான் போகிறார். எனக்கு வயோதிபர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. இது பகல் வாழ்க்கை. பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் நான் உதைபந்தாட்டப் பயிற்றுநர். அதுவும் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்கிப் போடும் பயிற்றுநர் அல்ல. அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஒரு ஜிம்னாசியத்தின் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர். ஜிம்னாசியம் என்றதும் பாரம் தூக்கும் இடம் என்று நினைக்காதீர்கள். எங்களூரில் கல்லூரி என்கிறோமே, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் இடம், அதற்கு இங்கே அதுதான் பெயர்.

நான் ஊரில் உதைபந்தாட்டம் ஆடியதில்லை. எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம், ஆண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அரியாலையில் எங்கள் வீட்டு மதிலுக்கு அடுத்த பக்கம் கழகத் திடல். அண்ணன்மார் திடலுக்குப் போவார்கள், நான் மதிலில் ஏறி நின்று பார்ப்பேன். திடலோரம் நின்று பார்ப்பவருக்குப் பந்துதான் தெரியும். மதிலில் நின்று பார்ப்பவருக்கு யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே ஆளில்லாமல் வெளித்துக் கிடக்கிறது என்பது தெரியும். அங்கே குடுங்கோடா, அங்கே ஒருத்தரும் இல்லை என்று கத்துவேன். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் எங்கள் ஊர்க் கழகம் இன்னும் இரண்டு கிண்ணம் வென்றிருக்கும் என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

இங்கே மகள் துளசி சிறு பிள்ளையாய் ஊர்க் கழகத்தில் ஆடத் தொடங்கினாள். வேறு வேலை இல்லாத தாயாய் நான் ஒவ்வொரு பயிற்சிக்கும் போய்க் குளிரில் நின்றேன். இங்கே கழகங்கள் சம்பளமில்லாத பெற்றோரால்தான் ஓடும். வருடத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் வைத்து, யார் பயிற்றுநராக வருகிறீர்கள் என்று கேட்பார்கள். உடனே எல்லாப் பெற்றோரும் தத்தம் சப்பாத்தை ஆராயத் தொடங்குவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில், வசந்திதான் எப்படியும் எல்லா நாளும் வந்து நிற்கிறாளே என்று ஒரு தகப்பன் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பது மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

எங்கள் ஆட்களிடம் இதற்குப் பெரிய வரவேற்பு இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இங்கேயுள்ள எங்கள் கோயிலில் ஒரு அண்ணை என்னை மறித்து, "தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளையளைக் காற்சட்டையோட ஓட விடுறதுக்கோ டென்மார்க் வந்தனீர்?" என்று கேட்டார். ஓம் அண்ணை, உங்கட மகளையும் அனுப்பிவிடுங்கோ, கோல் காக்க ஆள் காணாது என்றேன். முறைத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் அவரே மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அந்தப் பிள்ளை கைக்கு வந்த பந்தை ஒருநாளும் விட்டதில்லை.

துளசி ஜிம்னாசியத்துக்குப் போனபோது அங்கே ஆண்கள் அணிக்குப் பயிற்றுநர் இருந்தார், பெண்களுக்கு இல்லை. உடற்பயிற்சி ஆசிரியை லீனெ என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொஞ்ச நாளைக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். துளசி படித்து முடித்து ஓகூஸுக்குப் பல்கலைக்கழகம் போய்விட்டாள். கொஞ்ச நாளைக்கு வந்த தாய் அங்கேயே தங்கிவிட்டாள். இடையில் பயிற்றுநர் வகுப்புகளுக்கும் போனேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஒரு காலத்தில் எங்கேயோ பெரிதாய் ஆடியவர்கள். நான் ஆடியது வலைப்பந்தாட்டம் என்றேன். அப்படியொரு ஆட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

தெரியாதது எனக்கு வசதியாய்ப் போனது. வலைப்பந்தாட்டத்தில் பந்தோடு ஓட முடியாது. மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. அதனால் பந்து இல்லாத பிள்ளைகள்தான் ஓட வேண்டும். நான் இதைத் தூக்கி உதைபந்தாட்டப் பயிற்சியில் போட்டேன். பந்தைத் தொட்டவள் ஓடக் கூடாது, மூன்று எண்ணுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். எண்ணுவது நான். டேனிஷில் எண்ண நினைத்தால் வாய் தடுமாறும். அவசரத்தில் எனக்கு வருவது தமிழ்தான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு!" என்று கத்துவேன். பிள்ளைகள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி பந்தை வைத்துக்கொண்டு நின்றால் மற்றவர்களே எண்ணத் தொடங்கினார்கள். பார்ப்பதற்கு எனக்கு மதில் இல்லையே, அதனால் போத்தல் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறி நிற்பேன். வேற்றுப் பள்ளிக்கூடத்துக்காரர் முதலில் சிரிப்பார்கள். ஆட்டம் முடியும்போது அந்தச் சிரிப்பு பெரும்பாலும் இருக்காது.

நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னால், அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் சொல்ல வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகள் என்னை வசந்தி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் எதைச் சொன்னாலும் ஏன் என்பார்கள். இடது பக்கம் போ என்றால் ஏன், ஓடு என்றால் ஏன். எங்கள் பள்ளிக்கூட ரீச்சரிடம் ஒரு தடவை ஏன் என்று கேட்டிருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம்தான் பதிலாய்க் கிடைத்திருக்கும். முதல் வருடம் எனக்குக் காதால் புகை வந்தது. பிறகு, ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான், நான் சொன்ன சிலவற்றுக்குப் பதிலே இல்லை என்பது விளங்கியது. அப்படிப்பட்டவற்றை விட்டுவிட்டேன். அணி நன்றாக ஆடத் தொடங்கியது.

இந்த வருடம் நாடு முழுவதற்குமான ஜிம்னாசியப் போட்டியில் நாங்கள் ஒவ்வொரு சுற்றாய்த் தாண்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் ஒரு முடிவு எடுத்தது. உதைபந்தாட்டத்தைப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கப் போகிறார்கள். பெண்கள் அணிக்குச் சம்பளத்தோடு ஒரு தலைமைப் பயிற்றுநர், கோடை விடுமுறை முடிந்ததும் வேலை தொடக்கம். அதிபர் ஹென்ரிக் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ரெக்டர் என்பார்கள் இங்கே. நல்ல மனிதர், சுற்றி வளைக்காதவர். கோப்பியை ஊற்றித் தந்துவிட்டு, இந்தப் பதவிக்கு முதலில் உன்னைத்தான் நினைத்தோம், விருப்பமா என்று கேட்டார்.

இத்தனை வருடம் மழையிலும் காற்றிலும் பெட்டிமேல் நின்றதெல்லாம் இந்தக் கேள்விக்காகத்தான் என்று தோன்றியது. நான் சொன்னது என்ன தெரியுமா? ஐயோ, நான் எங்கே அந்தப் பதவிக்கு, என்னைவிடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்களே என்றேன். முகத்தில் ஒரு புன்னகை வேறு. ஹென்ரிக் கவனமாகக் கேட்டார். பிறகு மேசைக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, வசந்தி. தன் எல்லை தெரிந்தவர்களை நான் மதிக்கிறேன்" என்றார். இந்தப் பருவம் முடியும்வரை அணியைப் பார்த்துக்கொள்வாய்தானே என்றும் கேட்டார். நான் தலையாட்டினேன். கோப்பியை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடித்தேன். அவர் வானிலையைப் பற்றிக் கதைத்தார்.

வழி முழுக்க, இன்றைக்கு இரவு போன் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கார் ஓட்டினேன். வீட்டில் சிவநேசன் சமைத்துக்கொண்டிருந்தார். "ஹென்ரிக் அந்த வேலைக்கு என்னைக் கேட்டவர், நான் மாட்டன் எண்டனான்" என்றேன்.

"பிறகு?"

"பிறகு கேக்கேல்லை."

அவர் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இனி ஒருநாளும் கேக்க மாட்டினம், வசந்தி. உமக்குத் தெரியாதோ?"

தெரியும். மற்றவர்களுக்குப் புத்திமதி சொல்லும் அளவுக்குத் தெரியும். கடைக்காரனிடமும் பக்கத்து வீட்டிலும் நான் எப்போதோ டேனிஷ்காரியாகிவிட்டேன். கேக் என்றால் உடனே யா தாக், ஆம் நன்றி என்று சொல்லித் தட்டை நீட்டுவேன். ஆனால் உயிரைப்போல ஆசைப்பட்ட ஒன்று முன்னால் வந்தபோது, உள்ளே இருந்த அரியாலைப் பெட்டை முந்திக்கொண்டாள். துளசி தொலைபேசியில் டேனிஷில் கத்தினாள். நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா, வேண்டாம் என்றா சொன்னாய், உன்னுடைய அணியை வேண்டாம் என்றா சொன்னாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்றைக்கு நான் அழுதேன். எனக்குக் கோபம் வந்தது ஹென்ரிக்கில் அல்ல, என் நாக்கில்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடம் விளம்பரம் போட்டது. யெஸ்பர் என்ற ஒருவர் விண்ணப்பிக்கப் போகிறார் என்ற செய்தியும் உடனே வந்துவிட்டது. சின்ன ஊர்களில் எதுவும் ஒளியாது. ஒரு காலத்தில் நல்ல கழகங்களில் தடுப்பாட்டக்காரராய் ஆடியவர், என்னிடம் இல்லாத பெரிய சான்றிதழ் வைத்திருப்பவர். என் பிள்ளைகள் யெஸ்பர் சொல்லி ஓடுவதை நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. வேலை முடித்த கையோடு, இல்லத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் ஹென்ரிக்கின் அறைக்குப் போனேன்.

"நான் அன்றைக்கு வேண்டாம் என்றது, வேண்டாம் என்ற அர்த்தத்தில் இல்லை" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வேறு எந்த அர்த்தத்தில்?"

எனக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதையும் செலவழித்து விளக்கினேன். மூன்றாம் தரம் வரும் தேத்தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் நான் உன்னை மூன்று தடவை கேட்டிருக்க வேண்டுமா என்றார். ஓம் என்றேன். அது தன்னால் முடியாத காரியம் என்றும், விளம்பரம் போட்டபின் யாருக்கும் தனிச் சலுகை தர முடியாது, மற்றவர்களைப் போல நீயும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். நானே கட்டி எழுப்பிய அணிக்கு நானே மனுப் போடுவதா என்று எனக்கு விசர்க் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். விசரோடு விண்ணப்பித்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு வீட்டில் ஒத்திகை பார்த்தோம். சிவநேசன் குசினி மேசையில் கையைக் கட்டிக்கொண்டு ஹென்ரிக்காக உட்கார்ந்தார். நீர் ஏன் பொருத்தமானவர் என்று கேட்டார். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று தொடங்கினேன். கொஞ்சத்தை விடும் என்றார். பிள்ளைகள்தான் நன்றாக ஆடினார்கள் என்றேன். பிள்ளைகளையும் விடும் என்றார். நிறைகுடம் தளம்பாது என்று படித்து வளர்ந்தவளுக்கு, தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்வது சபையில் உடுப்பு நழுவினது மாதிரி இருக்கிறது. டேனிஷ்காரரும் தம்பட்டம் அடிப்பவர்கள் அல்ல. ஆனால் கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்வார்கள். நாங்கள் உள்ளதைக் குறைத்துச் சொல்லி, கூட்டிச் சொல்லும் வேலையை எதிரில் இருப்பவரிடம் விட்டுவிடுகிறோம். இங்கே அந்த வேலையை யாரும் செய்வதில்லை. இங்கே தளம்பாத குடத்தை வெறுங்குடம் என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தேர்வு அறையில் ஹென்ரிக், லீனெ, இன்னுமொரு ஆசிரியர், மாணவர் சபையிலிருந்து ஒரு பையன். இங்கே ஆசிரியரைத் தெரிவு செய்வதிலும் மாணவருக்கு ஒரு கதிரை உண்டு. நான் எப்படிப் பயிற்சி கொடுக்கிறேன், ஏன் அப்படி என்றெல்லாம் கேட்டார்கள். என் பலவீனம் என்ன என்றும் கேட்டார்கள். தடுப்பாட்டம் என்றேன். மூலைப் பந்து வந்தால் என் பிள்ளைகள் கோழிக்குஞ்சுகளைப் போலச் சிதறுவார்கள், அதற்கு யெஸ்பரை எனக்கு உதவிப் பயிற்றுநராக எடுத்துத் தாருங்கள் என்றேன். போட்டியாளனையே உதவிக்குக் கேட்டதும் லீனெ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியாக அந்த மாணவன் கையை உயர்த்தி, முதலில் வேண்டாம் என்றவர் இப்போது எப்படி வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்டான்.

"நான் பிறந்த இடத்தில், ஆசைப்பட்ட பொருளுக்கு உடனே கை நீட்டக் கூடாது" என்றேன். "ஆசை எவ்வளவு கூடவோ அவ்வளவு வேகமாக வேண்டாம் என்போம். நான் அன்றைக்கு மிகவும் வேகமாகச் சொன்னேன். இன்றைக்கு உங்கள் முறையில் சொல்கிறேன். இந்த வேலை எனக்கு வேண்டும். இந்த அணியை உருவாக்கியது நான். இதை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஒருவர் இந்தப் பக்கத்தில் இல்லை."

சொல்லி முடித்ததும் காது மடல் கொதித்தது. நிலம் பிளக்கவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. ஹென்ரிக் மட்டும் நன்றி என்றார்.

முடிவு இறுதிப் போட்டிக்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள். இறுதிப் போட்டி கோல்டிங்கில், கோபன்ஹேகன் பள்ளிக்கூடம் ஒன்றோடு. அவர்களுடைய பிள்ளைகள் உயரம், தோள்கள் அகலம், எல்லோரும் பெரிய கழகங்களில் ஆடுபவர்கள். விபோர்க்கிலிருந்தும் பிராண்டேயிலிருந்தும் எங்கள் ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். கோயிலில் என்னை மறித்த அண்ணை மத்தளத்தோடு வந்திருந்தார். துளசியும் ஓகூஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். பிள்ளைகள் உடலைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது ஹென்ரிக் கோட்டுக் கழுத்தை உயர்த்திவிட்டபடி எல்லைக்கோடு வழியே நடந்து வந்தார்.

ஆட்டத்துக்கு முன்னமே சொல்லிவிட நினைத்தேன் என்றார். வென்றபடியால் கொடுத்தார்கள் என்றோ, தோற்றும் கொடுத்தார்கள் என்றோ நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதாம். "தலைமைப் பயிற்றுநர் நீதான். யெஸ்பரும் உதவிக்கு வரச் சம்மதித்துவிட்டார். உனக்குச் சம்மதமா?"

ஐயோ நான் எங்கே என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

"யா தாக்" என்றேன். மைதானத்தின் அடுத்த கரைக்கும் கேட்டிருக்கும்.

ஆட்டத்தின் முதற் பாதி எங்களுக்கு நல்லதாய் இருக்கவில்லை. ஒரு மூலைப் பந்தில், நான் சொன்னபடியே, என் பிள்ளைகள் சிதறினார்கள். ஒரு கோல் விழுந்தது. இடைவேளையில் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். தலைவி ஃப்ரேயா, எங்களுக்கு மூச்சுவிட நேரமே இல்லை, பந்து வந்ததும் இரண்டு பேர் மேலே விழுகிறார்கள் என்றாள். அதுதான் நல்ல செய்தி என்றேன். ஏன் என்றாள், வழமைபோல. ஒருத்தி மேல் இரண்டு பேர் விழுந்தால் வேறெங்கோ ஒருத்தி தனியாக நிற்கிறாள் என்று அர்த்தம், பெட்டியில் நின்ற எனக்கு அவளைத் தெரிகிறது, இடது பக்கத்தில் நிற்கிறாள் என்றேன். பந்தை யாரும் வைத்திருக்க வேண்டாம், மூன்று எண்ணும் முன்னம் அது இடது பக்கம் போய்ச் சேரட்டும்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதிரையில் இருந்த மாற்று ஆட்டக்காரிகள் எண்ணத் தொடங்கினார்கள். ஒண்டு, ரெண்டு. பந்து ஒரு காலை விட்டு மறு காலுக்குப் போகும். மறுபடி ஒண்டு, ரெண்டு. மூண்டு வர வாய்ப்பே கொடுக்கவில்லை என் பிள்ளைகள். அண்ணை அந்தத் தாளத்தைப் பிடித்து மத்தளத்தில் போட்டார். பிறகு டேனிஷ்காரப் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். பொன்முடித் தகப்பன்மாரும் தாய்மாரும் அடிவயிற்றிலிருந்து ஒண்டு ரெண்டு என்று கத்த, கோபன்ஹேகன் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதா, கரையைப் பார்ப்பதா என்று திகைத்து நின்றார்கள். இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை ஃப்ரேயா தலையால் இடித்தாள், சமன். முடிவுக்குச் சற்று முன்னர், கோல் காப்பவளிடம் தொடங்கிய பந்து ஒருத்தியிடமும் தங்காமல் முழு மைதானத்தையும் கடந்து வலைக்குள் போனது. யார் கடைசியாய் உதைத்தாள் என்பதையே நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோலை அடித்தது எல்லோரும்.

விசில் ஊதியதும் பிள்ளைகள் என்னைப் பெட்டியிலிருந்து இழுத்து இறக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே எறிந்து ஏந்தினார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு மனுசியை எறிய இவர்களுக்கு எங்கே பலம் என்று நினைத்தேன். சிவநேசன் கரையில் நின்று குரல் போய் விம்மினார். துளசி ஓடிவந்து என் காதுக்குள், "எங்கட அம்மா" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

ஜிம்னாசியத்தில் ஏதாவது நல்லது நடந்தால் மறுநாள் காலையில் கொடி ஏற்றுவார்கள். இந்த நாட்டில் கொடி சந்தோசத்துக்கு உரியது. பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டு முற்றத்தில் ஏற்றுவார்கள், கேக்கில்கூடக் குத்துவார்கள். மாணவர்கள் வட்டமாக நின்றார்கள். பள்ளிக்கூடக் காவலாளி கொடியை விரித்துக் கம்பத்துக் கயிற்றில் கொளுவிவிட்டு, இன்றைக்கு நீதான் என்று கயிற்றை என் கையில் தந்தார். கொடி நிலத்தில் படக் கூடாது, அது மட்டும் கவனம் என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு கொடிக்கயிற்றை நான் தொட்டது அன்றைக்குத்தான். பிறந்த மண்ணில் ஒரு கொடியைக் கண்டால் பயம் வந்தது, இன்னொன்றைக் கண்டால் அழுகை வந்தது. பயமும் அழுகையும் இல்லாமல் நான் அண்ணாந்து பார்த்த ஒரே கொடி கோயில் திருவிழாக் கொடி. அதை ஐயர் ஏற்றுவார், நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். கொடியேற்றம் என்றால் என் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, கயிறு கைக்கு வந்ததும் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டன. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றேன். சப்பாத்துக்குள் கல் போய்விட்டதா என்று காவலாளி மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இதை எந்த மொழியில் விளக்குவது? பக்கத்தில் நின்ற ஃப்ரேயா என் காலைப் பார்த்தாள். முதல் தடவையாக ஏன் என்று கேட்கவில்லை.

இழுத்தேன். சிவப்பில் வெள்ளைச் சிலுவை படபடத்துக்கொண்டு ஏறியது. உச்சியைத் தொட்டதும் பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். எனக்குக் கண் நிறைந்து, கும்பிடக் கை துடித்தது. ஆனால் கயிறு இன்னும் கட்டப்படவில்லை. கையைக் கூப்பினால் கொடி விழும். நான் கயிற்றை விடவில்லை.